பெரியண்ணன் சட்டையில் பன்னிரண்டு வார்த்தை

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் 'வேண்டாம்' என்று சொன்னதே கிடையாது. அடடா, எவ்வளவு ஒற்றுமை என்று உருகிவிடாதீர்கள். சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். ஒருவர் ஏதாவது கேட்பார். பிடிக்கவில்லை என்றால் மற்றவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், நகத்தைப் பார்ப்பார்கள், வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். கேட்டவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போவார். ஊர் உலகமெல்லாம் மௌனம் சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருக்க, இந்த வீட்டில் மட்டும் மௌனம் என்றால் முடியாது, போய் வேலையைப் பார் என்று பொருள்.

இது அவர்கள் அப்பா வளர்த்த வளர்ப்பு. அந்த மனிதரிடம் யாராவது முடியாது என்று சொல்லிவிட்டால் மூன்று நாள் தட்டைத் தொட மாட்டார். எதிரே உட்கார்ந்து அந்தப் பட்டினியை யார் பார்ப்பது? பிள்ளைகள் நாலும் சின்ன வயதிலேயே வாயைப் பூட்டிக்கொண்டன. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, பூட்டை இன்னும் யாரும் திறக்கவில்லை.

அவர் விட்டுப்போன சலவைக்கடை நாலு பேருக்கும் சமபங்கு. பின்பக்கம் மெஷின் அறை, அங்கே பெரியண்ணன். முன்பக்கம் கவுண்டர், அங்கே சின்னண்ணன், கூடவே அவருடைய ரேடியோ. நடுவில் ஜன்னல் இல்லாத இஸ்திரி அறை, அங்கே பாப்பா. பாப்பாவுக்கு வயது நாற்பத்தொன்று. அண்ணன்மார் இரண்டு பேரும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் ஏன் என்று கேட்டதில்லை. நாலாவது ஆள் கடைக்குட்டி. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்திருந்தவன், அங்கே ஆளைக் குறைத்தபோது முதல் ஆளாகக் குறைந்து வீடு வந்து சேர்ந்தான்.

வந்தவன் கடையைச் சுற்றிப் பார்த்தான். மூன்றாம் நம்பர் மெஷினின் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு ஆறு வருஷம் என்றார்கள். புதுக் கதவு போடலாம் என்று பாப்பா சொன்னாளாம், யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடிக்கிற மேஜையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்து, கடைக்குட்டி தன் போனை நடுவில் வைத்தான்.

"இனிமே நம்ம கடைக்கு முதலாளி கிடையாது, மேனேஜர் கிடையாது. விதியை ஒரு தடவை எழுதிப் போட்டுட்டா அந்த விதியே கடையை நடத்தும். பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்புன்னு பேரு."

"பேரே வாயில நுழையலையேடா. கடையை எவனுக்காவது வித்துட்டியா?" என்றார் சின்னண்ணன்.

"இல்லண்ணே. யாருக்கு என்ன வேணுமோ அதை இந்த ஆப்ல தீர்மானமா போடணும். மத்தவங்க ஓட்டுப் போடணும். ஜெயிச்சா ஆப்பே ஆர்டர் போடும், ஆப்பே ஆளைக் கூப்பிடும். ஆளுக்கு இருபத்தஞ்சு டோக்கன்."

"டோக்கன் எந்தத் துணிக்கு?"

"துணிக்கு இல்லண்ணே, ஓட்டுக்கு. முக்கியமான விஷயம், யாரும் யார் மூஞ்சியையும் பார்த்துப் பேச வேண்டியதே இல்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வியாபாரம் முடிந்தது. பெரியண்ணன் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் வந்தது, பாப்பா கண்ணாலேயே பார்த்தாள்.

ஆப்பின் உள்ளே போக ஆளுக்குப் பன்னிரண்டு வார்த்தை. அதுதான் சாவி, தொலைத்தால் தொலைத்ததுதான், எங்கேயாவது பத்திரமாக எழுதி வையுங்கள் என்று கடைக்குட்டி படித்துப் படித்துச் சொன்னான். சின்னண்ணன் ரேடியோவின் அடியில் ஒட்டி வைத்தார். பாப்பா மனப்பாடம் செய்துகொண்டாள். பெரியண்ணன் என்ன செய்தார் தெரியுமா? காகிதம் கிழியும், நோட்டு தொலையும், உலகத்திலேயே அழியாத ஒன்று உண்டென்றால் அது சலவைக்கடையில் துணிக்கு அடையாளம் போடுகிற மைதான் என்று முப்பது வருஷ அனுபவத்தில் முடிவுகட்டி, தான் அன்றாடம் போடுகிற நீலச் சட்டையின் பின்பக்கக் கீழ்மடிப்பில், உள்பக்கமாக, அந்த மைப் பேனாவால் பன்னிரண்டையும் எழுதிக்கொண்டார். உலகத்துக் கம்ப்யூட்டர் மேதைகள் எல்லாம் கூடி உட்கார்ந்தாலும் இப்படி ஒரு மடத்தனத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சட்டையை வாரம் இரண்டு முறை இஸ்திரி போடுவது யார்? பாப்பா. அவளுக்கு அந்த வார்த்தைகள் தலைகீழாகவும் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நாலில் மூன்று ஓட்டு வேண்டும் என்று விதி. கடைக்குட்டி போட்ட தீர்மானங்களுக்குக் கடைக்குட்டியே ஓட்டுப் போட்டான். மற்ற மூன்று பேரும் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார்கள், இந்தத் தடவை கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பெரியண்ணன் கற்றுக்கொண்டது ஒரே ஒரு படிவம்தான், சோப்புத்தூள் வாங்குகிற படிவம். பொருள், எண்ணிக்கை, யாருக்கு, எப்போது வேண்டும் என்று நாலு கட்டம். அதை நிரப்பி அனுப்பிவிட்டு ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். சோப்புத்தூளுக்கும் ஓட்டு விழவில்லை. கடைசியில் பாப்பாதான் நடந்துபோய் வாங்கி வந்தாள்.

கடைக்குட்டிக்குப் பொறுமை போய்விட்டது. விதியைத் திருப்பிப் போட்டான். இனி ஓட்டே வேண்டாம். தீர்மானம் போட்டு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரே ஒருவர் 'எதிர்ப்பு' என்று அமுக்கினால் அது செத்தது. யாரும் அமுக்காவிட்டால் அது நிறைவேறியது. பிறகு அந்த விதியை மாற்றுகிற அதிகாரத்தையே ஆப்பிலிருந்து அழித்துவிட்டான்.

"இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது. அதுதான் இதோட அழகு" என்றான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதாவது யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. சின்னண்ணனுக்குக் கவுண்டரில் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை, தீர்மானம் போட்டார். பெரியண்ணனுக்கு மீன் என்றாலே ஆகாது. அவர் தன் வாழ்நாளிலேயே பலமான மௌனம் ஒன்றைச் சாதித்தார், மூன்று நாள், சாப்பாட்டு நேரத்தில்கூட. நாலாம் நாள் காலை இரண்டு பேர் ஆளுயரக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கே இறக்கட்டும் என்று கேட்டார்கள். பெரியண்ணன் கவுண்டரைக் காட்டினார். பழிக்குப் பழியாக, கவுண்டரில் ரேடியோ கூடாது என்று கடைக்குட்டியை விட்டு எழுதச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டார். சின்னண்ணன் கொதித்துப்போய் மூன்று நாள் மௌனம் சாதித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் பாட்டு பாதியில் நின்றது. கடைக்குட்டி ஆப்போடு இணைத்திருந்த பிளக்கை அது அணைத்துவிட்டது.

மூன்றாம் நம்பர் மெஷினுக்குக் கதவும் வந்தது. அது பாப்பா போட்ட தீர்மானம்.

எதிர்ப்பு என்று அமுக்கினால் போகிறது, இவர்களுக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். அமுக்கினால் அமுக்கியவர் பெயர் எல்லோர் போனிலும் வரும். முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொன்னதாக ஆகிவிடும். அதைவிட மீனுக்குத் தீனி போடுவது மேல் என்று பெரியண்ணன் முடிவெடுத்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், காலையில் முதல் வேலையாக அவர்தான் இப்போது தீனி போடுகிறார்.

இந்த நிலையில்தான் நாடகக் குழு வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு வாரம் வந்து ஆடிவிட்டுப் போகிற குழு. உடைகள் பன்னிரண்டு டிரங்குப் பெட்டி, எல்லாம் பாப்பாவின் இஸ்திரி அறைக்குத்தான் வரும். அதில் ஒரு ராணிப் பாவாடை உண்டு, அறுபத்திரண்டு மடிப்பு. ஒரு மடிப்பு தவறினால் மேடையில் ராணி சமையற்காரி மாதிரி தெரிவாள். அதை ஒழுங்காக இஸ்திரி போடத் தெரிந்தவர் பாப்பாவைத் தவிர யாருமில்லை என்று குழுவின் உடைப்பொறுப்பாளர் அம்மாள் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் எங்களோடு வந்துவிடு என்று பாப்பாவைக் கேட்டார். பாப்பா அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டில் சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்தார். பெரியண்ணன் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். பாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் வந்த கல்யாணப் பேச்சு இரண்டும் இதே மாதிரிதான் போயின. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, யாரும்தான் ஒன்றும் சொல்லவில்லையே.

"எனக்கு இந்த வேலை அடுத்த வருஷத்தோட முடிஞ்சுது. முட்டி ரெண்டும் போச்சு. ஒண்ணாம் தேதி கிளம்பறோம். இப்பவாவது வருவியா, இல்ல இன்னும் பதினோரு வருஷம் யோசிப்பியா?" என்று கேட்டார் அந்த அம்மாள், பெட்டிகளின் மேல் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே.

பாப்பா பாவாடையின் அடுத்த மடிப்பை எடுத்தாள். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு, இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போனை எடுத்துத் தட்டினாள். 'ஒண்ணாம் தேதியிலிருந்து நான் நாடகக் குழுவோடு போகிறேன். இஸ்திரிக்கு வேறு ஆள் வைக்கவும்.' அனுப்பிவிட்டாள்.  பதினோரு வருஷத்தை ஒரு விரலால் தள்ளியாகிவிட்டது.

மூன்று போன்களும் ஒரே சமயத்தில் சிணுங்கின. மெஷின் அறையில் ஒன்று, கவுண்டரில் ஒன்று, மாடியில் ஒன்று. அதற்கப்புறம் கடையில் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அந்த மூன்று நாளை எப்படிச் சொல்வது? மீன் தொட்டிக்குச் சாதித்த மௌனமெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சாப்பிடும்போது கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும். சின்னண்ணன் அவளைக் கண்டால் மீனைப் பார்த்தார், மீனுக்கே கூச்சமாகியிருக்கும். பெரியண்ணன் வழக்கமான நேரத்துக்கு முன்பே எழுந்து மெஷின் அறைக்குப் போய்விட்டார். முடியாது, முடியாது, முடியாது என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் ஆப்புக்கு இந்த வீட்டு பாஷை தெரியாது. அது பாட்டுக்கு நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. ஐம்பது மணி, நாற்பது மணி, இருபது மணி.

புதன்கிழமை கடைக்குட்டி மட்டும் இஸ்திரி அறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, நிஜமாவா?"

"நீ எதிர்ப்பு போடப் போறியா?"

"நான் எதுக்குப் போடறேன். பெரியண்ணன்தான்... ராத்திரி முழுக்க போனைக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தார்க்கா."

 அண்ணன்மீது கோபமா, பாவமா என்று பாப்பாவுக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம்.

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கெடு. மூன்றரைக்குப் பெரியண்ணன் இஸ்திரி அறை வாசலில் வந்து நின்றார். கையில் போன். மூக்கின்மேல் கண்ணாடி. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பாப்பா."

"சொல்லுண்ணே."

"இது என்னை உள்ள விடமாட்டேங்குது. நேத்து எதையோ அமுக்கிட்டேன், வெளிய தள்ளிடுச்சு. பன்னிரண்டு வார்த்தையையும் கேக்குது."

"கடைக்குட்டியைக் கேக்கலாம்ல?"

"அவன் வெளிய போயிருக்கான். சின்னவன்கிட்ட கேட்டா கண்ணைத் தொடச்சிக்கிட்டு மீனைப் பார்க்கறான்." கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "சட்டையில எழுதியிருக்கேன். முதுகுப் பக்கம். கழட்டிப் பார்த்தேன், எழுத்து பொடிசு, எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு அவர் திரும்பி நின்று, சட்டையின் பின்மடிப்பைத் தூக்கிக் காட்டினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், நரைத்த பிடரி, கையில் போனை மார்போடு பிடித்துக்கொண்டு, தங்கைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எதற்கு? அவளை விடமாட்டேன் என்று சொல்வதற்கு. அதற்கும் அவள் தயவு வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தால் போதும். இன்னும் இருபத்தெட்டு நிமிஷம். அவர் கண்ணாடிக்கு அந்த எழுத்து ஜென்மத்துக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. சொல்லட்டும். இந்த வீட்டில் ஒருத்தராவது, ஒரே ஒரு தடவையாவது, அவளைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லட்டும். சொன்னால்தானே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

"ஏணி," என்றாள்.

"ஏணி." அவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார்.

"வாத்து. உப்பு. மேகம்."

"மெதுவா, மெதுவா. உப்பு... மேகம்."

"சாவி. பூசணி. ரயில். தேன்."

"பூசணிக்கு எந்த னி?"

"மூணு சுழி ணி. கூரை. நண்டு. வெள்ளி."

பதினொன்று. பன்னிரண்டாவது, தையலுக்குள் பாதி மடிந்து கிடந்தது. அவள் பார்க்கவே வேண்டியதில்லை, நூறு தடவை அதன்மேல் இஸ்திரி ஓட்டியிருக்கிறாள். தையலைக் கட்டைவிரலால் நீவினாள். மெஷின் அறையில் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது.

"கரண்டி," என்றாள்.

திறந்துகொண்டது. பெரியண்ணன் திரும்பினார். திரையில் அவள் தீர்மானம், அடியில் சிவப்பாக 'எதிர்ப்பு'. அவர் விரல் அதன்மேல் போயிற்று, அமுக்கியும்விட்டது.  ஆனால் வேலை அதோடு முடியவில்லை. ஆப் இன்னொரு கட்டத்தைத் திறந்தது. 'காரணம்' என்று அதன் மேலே எழுதியிருந்தது.

"காரணம் கேக்குதே," என்றார், ஏமாந்து போன குரலில்.

"எழுது."

"என்னன்னு எழுதறது?"

"ஏன் வேண்டாம்னு தோணுதோ அதை எழுதுண்ணே. நானும் தெரிஞ்சுக்கணும். பதினோரு வருஷமா தெரிஞ்சுக்கணும்."

அவர் துணிக்குவியலின் மேல் உட்கார்ந்தார். 'இஸ்திரிக்கு ஆள்' என்று தட்டினார், அழித்தார். 'காலையில காபி' என்று தட்டினார், அதையும் அழித்தார். 'வீடு' என்று ஒன்று. அதுவும் போயிற்று. நெற்றியில் வியர்வை. கடிகாரம் நாலுக்கு ஆறு நிமிஷம் என்றது. பாப்பா இஸ்திரியைக்கூடத் தொடாமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் எனக்காகவே இருக்கு பாப்பா," என்றார் கடைசியில். "நானும் தேடித் தேடிப் பார்க்கறேன், உனக்காக ஒண்ணுகூட வரமாட்டேங்குது."

போனை அவள் மேஜைமேல், பாவாடையின் பக்கத்தில், கவிழ்த்து வைத்தார். எழுந்து மெஷின் அறைக்குப் போனார். போகிற வழியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

நாலு மணிக்கு நாலு போனும் சிணுங்கின. 'தீர்மானம் நிறைவேறியது.' ஆப் அந்த நிமிஷமே புது ஆளுக்கு விளம்பரம் அனுப்பியது, வேலை அட்டவணையில் பாப்பாவின் பெயரை நீக்கியது, ஒண்ணாம் தேதி என்பதைக் கவனிக்காமல் கடையின் பின்கதவைத் திறக்கிற அவளுடைய அட்டையையும் செல்லாததாக்கியது. கடைக்குட்டி எழுதிய விதி, வேறு எப்படி இருக்கும்? மிச்சமிருந்த ஒன்பது நாளும் பாப்பா தன் சொந்தக் கடைக்குள் போக பின்வாசலில் நின்று தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் பெரியண்ணன்தான் வந்து திறந்தார். ஒன்றும் பேசவில்லை, ஆனால் தட்டி முடிப்பதற்குள் திறந்தார்.

ஒண்ணாம் தேதி அவள் கிளம்பினாள். சின்னண்ணன் அழுதுகொண்டே பெட்டியை வண்டியில் ஏற்றினார். பெரியண்ணன் மெஷின் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நம்பர் மெஷினில் ஏதோ கோளாறு என்று கடைக்குட்டி வந்து சொன்னான். புதுக் கதவு போட்ட மெஷின், அதில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வாரம் கழித்து, வேறு ஊரில், மேடைக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய அறையில் பாப்பா ராணிப் பாவாடையை விரித்துப் போட்டு முப்பதாவது மடிப்பில் இருந்தாள். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. உடைப்பொறுப்பாளர் அம்மாள் மூலையில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் சிணுங்கியது. அவளுடைய இருபத்தைந்து டோக்கன் இன்னும் அவளிடம்தான் இருந்தது, அதனால் கடைத் தீர்மானமெல்லாம் அவளுக்கும் வரும்.

போட்டவர் பெரியண்ணன். கடைக்குட்டியின் உதவியில்லாமல் அவரே போட்டிருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது, ஏனென்றால் அது சோப்புத்தூள் படிவம்.

பொருள்: பின்கதவு அட்டை, பாப்பா பேரில்.
எண்ணிக்கை: 1.
யாருக்கு: எனக்கு.
எப்போது வேண்டும்: அவள் எப்போது வந்தாலும்.

அடியில் சிவப்பாக 'எதிர்ப்பு'. அதன் பக்கத்தில் எழுபத்திரண்டு மணி நேரம் எண்ணத் தொடங்கியிருந்தது.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? வீட்டுல இருந்தா? என்ன சொல்றாங்க?" என்றார் அந்த அம்மாள்.

பாப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முப்பத்தோராவது மடிப்பை எடுத்தாள். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.